ராத்திரி 3 மணி ரீஸ்டார்ட்டும் சில அனாதை ப்ராசஸ்களும்

தினமும் ராத்திரி 3 மணிக்கு சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவதற்கு எங்கள் தொழிலில் 'மெயின்டனன்ஸ்' என்று கௌரவமாக ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். அது மெயின்டனன்ஸ் இல்லை சாமி. பகலில் ஒருத்தர் எழுதாமல் விட்ட இருபது முப்பது வரி கோடுக்கு, ராத்திரியில் இன்னொருத்தர் தூக்கத்தைக் கொடுத்து வட்டி கட்டுகிற ஏற்பாடு. இன்றைக்கு அதைத்தான் திட்டப் போகிறேன்.

டிஸ்கி: பொட்டி தட்டாத மக்களும் தைரியமாகப் படிக்கலாம். பூனாவிலோ, ஹைதராபாத்திலோ, நொய்டாவிலோ வந்து குடித்தனம் பண்ணுகிற உங்களில் பலர் வீட்டில் 'சப்போர்ட்' வேலை பார்க்கிற ஒரு ஜீவன் இருக்கும். நடுராத்திரி போன் அலறும். அந்த ஜீவன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் "சாரி, லுக்கிங் இன்டு இட்" என்று மந்திரம் ஓதும். குழந்தை முழித்துக்கொள்ளும். காலையில் நீங்கள் "அப்படி என்னதான் வேலையோ" என்று அலுத்துக்கொள்வீர்கள். அந்த வேலை என்ன, அதில் எவ்வளவு வேலையே இல்லை என்பதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு ப்ரோகிராமை ப்ராசஸ் என்பார்கள். அது தன் வேலைக்காக இன்னொரு ப்ரோகிராமைக் கிளப்பிவிடும். பில்லை பிடிஎஃப் ஆக்க ஒன்று, ஃபைலைச் சுருக்கிக் கட்ட ஒன்று, பிரிண்டருக்கு அனுப்ப ஒன்று. கிளப்பியது பேரண்ட், கிளம்பியது சைல்ட். பேரைக் கேட்டதும் ஏதோ குடும்பம், பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். யூனிக்ஸ் பக்கமாவது கொஞ்சம் உறவு முறை உண்டு. சைல்ட் செத்தால் பேரண்டுக்குச் சேதி போகும், பேரண்ட் செத்தால் இனிட் என்கிற 1-ம் நம்பர் ப்ராசஸ் சைல்டைத் தத்து எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அதெல்லாம் கிடையாது. சைல்ட் பிறக்கிறபோது 'இன்ன நம்பர்காரர் என்னைக் கிளப்பினார்' என்று பர்த் சர்டிஃபிகேட்டில் ஒரு நம்பர் ஏறும். அத்தோடு சரி. பேரண்ட் செத்தாலும் சைல்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சர்டிஃபிகேட்டில் இருக்கிற நம்பரும் மாறாது.

இதில் பெரிய ஆப்பு என்னவென்றால், அந்த நம்பரை விண்டோஸ் கொஞ்ச நேரத்தில் சம்பந்தமே இல்லாத வேறொரு ப்ராசஸுக்குக் கொடுத்துவிடும். ரீசார்ஜ் பண்ணாமல் விட்ட மொபைல் நம்பர் வேறு யாருக்கோ போய்விடுகிறதே, அந்த மாதிரி. சைல்டின் பர்த் சர்டிஃபிகேட்டைப் பார்த்து "ஓஹோ, இவர்தான் உன் அப்பாவா" என்று போய் நின்றால், அங்கே இருப்பது யாரோ ஒரு ஆன்ட்டி வைரஸ். உண்மையிலேயே அவர்தான் அப்பாவா என்று பார்க்க இரண்டு பேரும் பிறந்த நேரத்தையும் ஒப்பிடவேண்டும். மகனைவிட அப்பா வயதில் இளையவராக இருந்தால், அவர் அப்பா இல்லை :) சிரிக்காதீர்கள், நிஜமாகவே இந்தச் சோதனையைப் போட்டுத்தான் ஒழுங்கான மானிட்டரிங் ப்ரோகிராம்களை எழுதுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்மான் 2014-ல் வந்தபோதே ஒவ்வொரு ப்ராசஸுக்கும் திரும்ப வராத தனி அடையாளம் கொடுத்து லாகில் எழுத ஆரம்பித்தது. வெறும் நம்பரை நம்பி எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான்.

நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் விண்டோஸ் பொட்டியிலேயே பாருங்கள். டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டுவது எக்ஸ்புளோரர் என்கிற ப்ராசஸ். நீங்கள் லாகின் பண்ணும்போது யூசர்இனிட் என்று ஒன்று வந்து, எக்ஸ்புளோரரைக் கிளப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று போய்ச் சேர்ந்துவிடும். ஆக, உங்கள் டெஸ்க்டாப்பே அப்பா இல்லாத பிள்ளைதான். ப்ராசஸ் எக்ஸ்புளோரர் என்கிற இலவச டூலை இறக்கிப் பார்த்தால், அது மரத்தில் யாருக்கும் கீழே இல்லாமல் இடது ஓரத்தில் தனியாக நிற்பது தெரியும்.

போதாதற்கு, 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து ஒரு ப்ராசஸைக் கிளப்பும்போதே 'இதற்கு அப்பா பேர் இன்னார்' என்று வேறொரு ப்ராசஸைக் காட்டிவிடவும் வழி இருக்கிறது. அதற்கு நியாயமான உபயோகங்கள் உண்டு. வைரஸ் எழுதுகிறவர்களும் நன்றாகவே உபயோகப்படுத்திக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தால் ஒரு ப்ரோகிராமர் என்ன பண்ணவேண்டும்? நான் கிளப்பின சைல்டுக்கு நான்தான் பொறுப்பு, நான் செத்தால் அதுவும் சாகிற மாதிரி ஏற்பாடு பண்ணிவிட்டுத்தான் அதைக் கிளப்புவேன் என்று இருக்கவேண்டும். நம்ம ஊர்க்காரர்கள் என்ன பண்ணுகிறார்கள்? கிளப்பிவிட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். சர்வரில் அனாதைகள் சேர்ந்து, மெமரி தீர்ந்து, கிளையண்ட் கத்தியதும் ஒரு பேட்ச் ஃபைல் எழுதுகிறார்கள். அதில் டாஸ்க்கில் என்று ஒரு கமாண்ட். பேரைச் சொன்னால் அந்தப் பேரில் இருக்கிற எல்லா ப்ராசஸையும் போட்டுத்தள்ளும். எது அனாதை, எது யாருடைய வேலையை மும்முரமாகச் செய்துகொண்டிருக்கிறது என்ற விசாரணை எல்லாம் இல்லை. தெருவில் ஒரு முருகன் திருடினான் என்று ஊரில் இருக்கிற அத்தனை முருகனையும் பிடித்து உள்ளே போடுகிற மாதிரி. அந்த பேட்ச் ஃபைலை டாஸ்க் ஷெட்யூலரில் ராத்திரி 3 மணிக்கு மாட்டுவார்கள். அதிலும் அடங்கவில்லையென்றால் முழு சர்வரையும் ரீஸ்டார்ட். வடக்கே ஜுகாட், சல்தா ஹை என்று இரண்டு அருமையான வார்த்தைகள் இருக்கின்றன. இங்கே வந்த முதல் மாதத்திலேயே நம்ம மக்கள் ஹிந்தியில் கற்றுக்கொள்வது அந்த இரண்டையும்தான்.

"சார், டாஸ்க்கில் கமாண்டில் மரத்தையே சாய்க்கிற ஆப்ஷன் இருக்கே" என்று ஒரு புத்திசாலி வருவார். இருக்கிறது. ஆனால் அது மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதே பர்த் சர்டிஃபிகேட் நம்பரைப் பிடித்துக்கொண்டுதான். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஓடி, நடுவில் அப்பா செத்திருந்தால் தாத்தாவிலிருந்து பேரனுக்கு வழியே கிடையாது. தாத்தா சாவார், பேரன் பிழைத்துக்கொள்வான். டாட்நெட்டில் 2019-ல் கோர் 3.0-வோடு 'குடும்பத்தோடு கொல்லு' என்று ஒரு வசதி வந்தது. நல்லதுதான். ஆனால் அதைக் கூப்பிட ஒருத்தர் உயிரோடு இருக்கவேண்டும். பேரண்டே க்ராஷ் ஆகிப் போன பிறகு யார் கூப்பிடுவது?

(இந்த விஷயத்தை எல்லாம் ரயிலில் போனில் பேசக்கூடாது. "பேரண்டை மட்டும் கொன்னா எப்படி, பிள்ளைங்க தப்பிச்சிடும்ல, எல்லாரையும் சேர்த்துத்தான் முடிக்கணும்" என்று ஊருக்குப் போகிற வண்டியில் ஒரு தடவை விளக்கிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்கே போய்விட்டார். தங்கமணி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.)

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு, எனக்குத் தெரிந்த ஒரு சம்பவம். ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். அவர்களுடைய கிளையண்டுக்கு ஒரு பெரிய கிடங்கு. ஆர்டர்களை எடுத்து பார்சல் லேபிள் அடிப்பதற்கு விண்டோஸ் சர்வீஸ் ஒன்று, அது கிளப்பிவிடுகிற சைல்ட் ஒன்று. ஒரு ராத்திரி சர்வீஸ் க்ராஷ். விழுந்தால் தானாக எழுந்துகொள்ளும்படி செட்டிங் இருந்ததால் ஒரு நிமிஷத்தில் புது சர்வீஸ் வந்தது, புது சைல்டைக் கிளப்பியது. ஆனால் பழைய சைல்ட் சாகவே இல்லையே? அது பாட்டுக்குத் தன் லிஸ்டில் மிச்சம் இருந்த ஆர்டர்களை அடித்துக்கொண்டிருந்தது. அதே ஆர்டர்கள் 'இன்னும் முடியவில்லை' என்று இருப்பதைப் பார்த்துப் புது சைல்டும் அடித்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு லேபிள், இரண்டு பார்சல். விடிவதற்குள் லாரியும் கிளம்பிவிட்டது.

அன்றைக்கு ஷிஃப்டில் இருந்தது சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். கல்யாணமாகி ஆறு மாசம், வீடு கிடைத்ததும் மனைவியைக் கூட்டிவர இருந்தவன். எனக்கு அந்த ப்ராஜெக்டில் வேலை இல்லை, ஊர்க்காரர் என்ற உரிமையில் லாகை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, சர்வீஸ் தானா எந்திரிச்சிட்டா எதையும் தொடாதேன்னு ரன்புக்ல போட்டிருக்குண்ணே. நான் தொடல. இப்ப ஏன் கவனிக்கலன்னு கேக்காங்க."

"டாஸ்க் மேனேஜர்ல ரெண்டு நின்னுச்சா தம்பி?"

"நின்னுச்சுண்ணே. எப்பவுமே நாலஞ்சு நிக்கும்ணே. அதான் ராத்திரி ரீஸ்டார்ட்ல போயிரும்னு சொல்லியிருந்தாங்களே."

பார்த்தீர்களா? நாலைந்து அனாதைகள் நிற்பது வாடிக்கையாகிவிட்ட இடத்தில் இரண்டு நிற்பது யார் கண்ணுக்கு உறுத்தும்? லாகில் எல்லாம் தெளிவாக இருந்தது. பழைய சைல்டின் அப்பா நம்பரில் அந்த நேரத்தில் யாருமே இல்லை. ரிப்போர்ட்டில் டேமேஜர் எழுதிய காரணம், 'ஆபரேட்டர் கவனக்குறைவு'. அப்ரைசலில் பையனுக்கு அடி. அந்த சர்வீஸை எழுதிய ஆர்க்கிடெக்ட்டுக்கு அந்த வருஷம் பிரமோஷன் என்று கேள்வி. என் வயிற்றெரிச்சல் இங்கேதான். தப்பான டிசைனுக்குத் தண்டனை எப்போதும் ராத்திரி முழித்திருக்கிறவனுக்கே போகிறது.

இத்தனைக்கும் மருந்து புதுசு இல்லை. 2000-ல் விண்டோஸ் 2000 வந்தபோதே ஜாப் ஆப்ஜெக்ட் என்று ஒன்று வந்துவிட்டது. ஆட்டுப்பட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டைப் பட்டிக்குள் விட்டால், அது போடுகிற குட்டியும், குட்டி போடுகிற குட்டியும் பட்டிக்குள்ளேயேதான் இருக்கும். அப்பா நம்பர், தாத்தா நம்பர் என்று தேடவேண்டியதில்லை. பட்டிக்குள் இருந்தால் நம்மது. எக்ஸ்பி காலத்திலிருந்து அதில் 'கில் ஆன் ஜாப் க்ளோஸ்' என்று ஒரு கொடி உண்டு. அதைப் போட்டுவிட்டால், பட்டியின் கடைசி ஹேண்டில் மூடப்பட்ட நொடியில் உள்ளே இருக்கிற எல்லாம் காலி. அந்த ஹேண்டிலை பேரண்ட் மட்டும் கையில் வைத்திருக்கவேண்டும். பேரண்ட் நல்லபடியாக முடிந்தாலும், க்ராஷ் ஆனாலும், யாராவது டாஸ்க் மேனேஜரில் போட்டுத்தள்ளினாலும், அது திறந்து வைத்திருந்த எல்லா ஹேண்டில்களையும் விண்டோஸே மூடிவிடும். அதனால் பட்டியும் தானாகக் கலையும். நமது கோடு ஒரு வரிகூட ஓடவேண்டிய அவசியம் இல்லை. "நாங்க ஃபைனலி ப்ளாக்ல கிளீன் பண்றோமே" என்பவர்கள் கவனிக்கவும். ப்ராசஸை வெளியிலிருந்து கொன்றால் உங்கள் ஃபைனலி ஓடாது. செத்தவர் எழுந்து வந்து வீட்டைப் பூட்டமாட்டார்.

இதில் இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். சைல்டைக் கிளப்பிவிட்டுப் பிறகு பட்டியில் சேர்த்தால், அந்த இடைவெளியில் அது ஒரு குட்டி போட்டுவிடலாம், அந்தக் குட்டி வெளியே நிற்கும். அதனால் சைல்டை நிறுத்தி வைத்த நிலையில் உருவாக்கி, பட்டியில் சேர்த்து, அப்புறம் ஓடவிடவேண்டும். விண்டோஸ் 10-லிருந்து பிறக்கும்போதே பட்டிக்குள் பிறக்கவைக்கவும் வழி உண்டு. இன்னொன்று, பட்டியின் ஹேண்டில் சைல்டுக்கு வாரிசுரிமையாகப் போய்விடக்கூடாது. போனால் பேரண்ட் செத்த பிறகும் ஒரு ஹேண்டில் சைல்ட் கையில் திறந்தே இருக்கும், பட்டி கலையவே கலையாது. சைல்டைக் கிளப்பும்போது 'ஹேண்டில்களை வாரிசாகக் கொடுக்கவா' என்ற கேள்விக்கு யோசிக்காமல் ஆமாம் போடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. சர்வீஸ் செத்த பிறகும் 'போர்ட் ஏற்கனவே உபயோகத்தில் இருக்கிறது' என்று புது சர்வீஸ் அழுவதற்கு, அனாதை சைல்ட் அந்த சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் ஒரு காரணம். எந்த ஹேண்டில் போகவேண்டும் என்று லிஸ்ட் கொடுக்கும் வசதி விஸ்டாவிலிருந்தே இருக்கிறது.

கண்காணிப்பதும் இப்படித்தான். ஐந்து செகண்டுக்கு ஒரு தடவை ப்ராசஸ் லிஸ்டை எடுத்து "அந்தப் பேரில் யாராவது இருக்கிறார்களா" என்று பார்ப்பது கண்காணிப்பு இல்லை. சைல்டைக் கிளப்பியபோது கையில் கிடைத்த ஹேண்டிலை மூடாமல் வைத்திருங்கள். அது திறந்திருக்கிற வரை அந்த நம்பர் வேறு யாருக்கும் போகாது. அந்த ஹேண்டிலின் மேல் காத்திருந்தால் சைல்ட் செத்த கணமே தெரியும். வேலை முடிந்ததும் அதை மூடவும் மறக்காதீர்கள், இல்லையென்றால் செத்த ப்ராசஸின் கூடு மெமரியில் கிடக்கும். எக்ஸிட் கோடை மட்டும் பார்த்து உயிரோடு இருக்கிறதா என்று முடிவு பண்ணாதீர்கள். 259 என்றால் 'இன்னும் ஓடுகிறது' என்று அர்த்தம், ஆனால் ஒரு ப்ரோகிராம் 259 என்ற நம்பரைக் கொடுத்துவிட்டே செத்துப்போனால் காலம் முழுக்க அது ஓடுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பட்டிக்குள் புதிதாக யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று சேதி வாங்கிக்கொள்ளவும் முடியும். எல்லாச் சேதியும் கட்டாயம் வந்து சேரும் என்று உத்தரவாதம் இல்லை என்பதால் கணக்கு வழக்கை அதை மட்டும் நம்பி வைக்கக்கூடாது.

இனி, வழக்கமாக வருகிற சமாதானங்கள். "ஜாப் ஆப்ஜெக்ட் போட்டுப் பார்த்தோம், ஆக்சஸ் டினைட் வருது சார்." வந்தது, விண்டோஸ் 7 காலத்தில். அப்போது ஒரு ப்ராசஸ் ஒரு பட்டியில்தான் இருக்கமுடியும், ஏற்கனவே வேறு யாராவது அதைப் பட்டியில் போட்டிருந்தால் மூக்குடைந்துதான் திரும்பவேண்டும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது பட்டிக்குள் பட்டி போடலாம் என்று ஆகிவிட்டது. விண்டோஸ் 7-க்கான வழக்கமான சப்போர்ட்டே 2020 ஜனவரியில் முடிந்துபோன பிறகும் இந்தச் சாக்கைச் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி?

"விண்டோஸே குப்பை, லினக்ஸுக்கு மாறுங்க" என்பவர்கள் இன்னொரு கோஷ்டி. ஐயா, லினக்ஸில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய சிகுரூப்ஸ் 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில்தான் சேர்ந்தது. விண்டோஸில் அதற்கு எட்டு வருஷம் முன்னால் இருந்தது. க்ரோம் ப்ரௌசர் தன் சைல்ட் ப்ராசஸ்களை அடக்கிவைக்க இதே ஜாப் ஆப்ஜெக்டைத்தான் உபயோகிக்கிறது. விண்டோஸ் கன்டெய்னருக்கு அஸ்திவாரமும் இதுதான். கருவி இருந்தது, எடுக்க ஆள் இல்லை.

எல்லாவற்றையும் பட்டியில் அடை என்றும் நான் சொல்லவில்லை. 'உதவி' பட்டனை அமுக்கியதும் திறக்கிற ப்ரௌசர், உங்கள் ப்ரோகிராமையே மூடிவிட்டுப் புதுசு போடுகிற அப்டேட்டர் இதெல்லாம் பேரண்ட் போன பிறகும் வாழவேண்டியவை. அதற்கும் பட்டியை விட்டு வெளியேற அனுமதி கொடுக்கிற கொடி இருக்கிறது. எது கூடவே சாகவேண்டும், எது பிழைக்கவேண்டும் என்று கோடு எழுதும்போதே ஒருத்தர் உட்கார்ந்து முடிவு பண்ணவேண்டும். முடிவை ராத்திரி 3 மணிக்கு பேட்ச் ஃபைலிடம் விடக்கூடாது. திடீரென்று கொன்றால் பாதியில் நிற்கிற ஃபைல் கெட்டுப்போகுமே என்பதும் நியாயமான கவலைதான். முதலில் நல்லபடியாகச் சொல்லிப் பார்த்து, அவகாசம் கொடுத்து, கேட்காவிட்டால் பட்டியைக் கலைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் செத்தால் மறுபடி எங்கிருந்து தொடங்குவது என்பதையும் யோசித்திருக்கவேண்டும். கரண்ட் போனால் மட்டும் உங்கள் ப்ராசஸ் சொல்லிக்கொண்டா சாகிறது?

அடுத்த கோடு ரிவ்யூவில் கிரியேட்ப்ராசஸ் என்றோ ப்ராசஸ் ஸ்டார்ட் என்றோ ஒரு வரியைப் பார்த்தால், பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்: "இதைக் கிளப்புறது செத்தா இது என்ன ஆகும்?" பதில் "ராத்திரி ரீஸ்டார்ட் இருக்குல்ல" என்று வந்தால், அந்த ரீஸ்டார்ட் ஷிஃப்டை அவருக்கே ஒரு மாசம் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பி.கு. 1: "எக்ஸெல் மட்டும் பட்டியில் அடங்கமாட்டேன் என்கிறதே" என்று கேட்கப் போகிறவர்களுக்கு. ஆட்டோமேஷனில் எக்ஸெலைக் கிளப்புவது நீங்கள் இல்லை, உங்களுக்காக விண்டோஸின் டிகாம் சர்வீஸ் கிளப்புகிறது. அதன் அப்பா ஒரு எஸ்விசிஹோஸ்ட். அது உங்கள் பட்டியில் பிறக்காது. ஜன்னல் ஹேண்டிலை வைத்து அதன் ப்ராசஸைக் கண்டுபிடித்துச் சேர்க்கவேண்டும். ஆள் இல்லாத சர்வரில் ஆஃபீஸை இப்படி ஓட்டாதே என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. சர்வரில் எக்ஸெல் ஃபைல் எழுத எக்ஸெலே தேவையில்லாத லைப்ரரிகள் எத்தனையோ இருக்கின்றன.

பி.கு. 2: இதைப் படித்த உற்சாகத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்புளோரர் மேல் 'எண்ட் ப்ராசஸ் ட்ரீ' அமுக்கிப் பார்க்காதீர்கள். டெஸ்க்டாப்பிலிருந்து நீங்கள் திறந்த அத்தனையும் அதன் பிள்ளைகள். ரங்கமணி சேவ் பண்ணாமல் வைத்திருக்கிற எக்ஸெல் ஷீட் உட்பட.